கறுப்பு இன்னும் கறுப்பாக

டிவிக்கு நல்ல கேபிளாகப் பார்த்துப் போட்டால் படம் தெளிவாகும் என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து நான் சிரிப்பதில்லை. கண்ணாடிக் கடையில் இத்தனை வருஷம் பார்வை சோதித்தவள் நான். எதிரே உட்கார்ந்திருப்பவரின் மூக்கில் சோதனைச் சட்டத்தை மாட்டி, அதில் ஒரு வில்லையைச் செருகி, "இது நல்லாத் தெரியுதா?" என்று கேட்பேன். அதைக் கழற்றித் துடைத்து, அதையே மறுபடி செருகி, "இது?" என்பேன். பாதிப் பேர், "ஆங், இது பரவால்ல" என்பார்கள். அவர்கள் பொய் சொல்வதில்லை. புதிதாக ஒன்று வந்திருக்கிறது என்று நினைத்தாலே மனுஷருக்குக் கொஞ்சம் வெளிச்சம் கூடிவிடுகிறது.

நீங்கள் என் வீட்டுக்காரரைப் பற்றித்தான் கேட்டீர்கள். அங்கேதான் வருகிறேன்.

அவருக்கு ஒரு டிவி நிலையத்தில் வேலை. நிகழ்ச்சி ஒளிபரப்பாகும் முன் இருட்டறையில் உட்கார்ந்து முழுசாகப் பார்த்து, எங்கே குறை என்று சொல்ல வேண்டும். குரல் முன்னால் போய் உதடு பின்னால் வருகிறதா, முகம் பச்சையடிக்கிறதா, ஓரத்தில் மைக் எட்டிப் பார்க்கிறதா, இதெல்லாம். அங்கே அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். காதுபடவே சொல்வார்கள். அவருக்கும் உள்ளூரப் பெருமைதான். அவர் சரி என்று விட்ட படத்தில் வேறு யாரும் குறை கண்டதாகச் சரித்திரமே கிடையாது.

அந்தக் கண்ணைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டா வீட்டுக்கு வர முடியும்?

அவரைக் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. கை நீட்டியதில்லை, குடித்ததில்லை, குரலை உயர்த்தியதுகூட இல்லை. செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பிப்பார். "ஜன்னல் கண்ணாடியில கை ரேகை இருக்கே." "இந்தப் படம் சாஞ்சிருக்கு." "தலை வாரினியா, வாரலையா?" கல்யாண ஆல்பம் வந்த அன்று என் பக்கத்தில் உட்கார்ந்து புரட்டிக்கொண்டே வந்தவர், என் முகம் பெரிதாக இருந்த ஒரு போட்டோவில் நிறுத்தி, "உன் மூஞ்சி ரெண்டு பக்கமும் ஒண்ணு போல இல்ல, கவனிச்சிருக்கியா?" என்று கேட்டார். குத்திக்காட்டவில்லை, தகவலாகத்தான் சொன்னார். அதுவரை எனக்கு அது தெரியாது. அதற்குப் பிறகு எந்தக் கண்ணாடியைப் பார்த்தாலும் அது மட்டும்தான் தெரிந்தது.

குழந்தை இல்லாத வீடு. பார்ப்பதற்கு அவருக்கு நானும் நான்கு சுவரும்தான். வீட்டைக் கூட்டித் துடைத்து முடித்ததும் வாசலில் போய் நின்று, அவர் கண்ணோடு ஒரு தடவை எல்லாவற்றையும் பார்ப்பேன். ஒன்றும் அகப்படாது. அவர் வந்ததும் ஒன்று அகப்படும்.

முதலில் இடது தோள்தான். அறைக்குள் நுழையும்போது நிலைப்படியில் இடித்துக்கொண்டார். சாப்பாட்டு மேஜையில் இடது கைப்பக்கம் வைத்திருந்த டம்ளரைத் தட்டிவிட்டார். "இங்க கொண்டுவந்து எதுக்கு வச்சே?" என்றார். எப்போதும் அங்கேதான் வைப்பேன். அடுத்த வாரமும் அதே டம்ளர், அதே கை. ஒரு துணியைப் போட்டு ஈரத்தை ஒற்றி எடுத்துக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தேன். என் தொழில் புத்தி விழித்துக்கொண்டது.

விடுமுறை நாளில் கடையைத் திறந்து அவரை உட்காரவைத்தேன். எழுத்துப் பலகையைக் கடைசி வரிவரை கடகடவென்று படித்தார். கண் அழுத்த நோயில் அப்படித்தான், நேராக இருப்பது கடைசிவரை தெரியும், ஓரம்தான் முதலில் போகும். "என் மூக்கையே பாருங்க. என் விரல் எப்ப தெரியுதோ அப்ப சொல்லுங்க" என்று அவர் காதுப் பக்கத்திலிருந்து விரலை மெதுவாக முன்னால் கொண்டுவந்தேன். விரல் அவர் கன்னத்தைத் தாண்டும் வரை அவர் ஒன்றும் சொல்லவில்லை. காற்று அடித்து அழுத்தம் பார்க்கும் மெஷினில் மோவாயை வைக்கச் சொன்னேன். இருபதுக்குள் இருக்க வேண்டியது முப்பதைத் தாண்டிக் காட்டியது.

சொல்லத்தான் வாயெடுத்தேன். நாளைக்கே டாக்டரைப் பார்க்கணும், இது கண் நரம்பைத் தின்கிற அழுத்தம், சொட்டு மருந்து போட்டால் இருப்பதைக் காப்பாற்றிவிடலாம். எல்லாமே நாக்கு நுனியில் இருந்தது. அவர் மெஷினிலிருந்து முகத்தை எடுத்து அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"அந்த எழுத்துப் பலகையை யார் மாட்டினது? கோணலா இருக்கு."

நான்தான் மாட்டினேன். அளந்து மாட்டியது.

"கண்ணு எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"உங்க கண்ணுக்கு என்ன குறைச்சல்?" என்றேன். "நல்லாத்தான் இருக்கு."

அன்றைக்கு மட்டும் சொல்லாமல் இருப்போம், கோபம் ஆறியதும் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். நீங்கள் நம்ப வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் அந்த வாரம் அலமாரி மேல் தட்டில் தூசி இருந்தது, அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கடுத்த வாரம் சமையலறை மூலையில் ஒட்டடை இருந்தது, நானே வேண்டுமென்று விட்டுவைத்தது. அதையும் அவர் பார்க்கவில்லை. இத்தனை வருஷத்தில் முதல்முறையாக நான் என் வீட்டில் கால் நீட்டி உட்கார்ந்தேன்.

பிறகு அவர் டிவியைக் குறை சொல்ல ஆரம்பித்தார். "இருட்டு சீன்ல ஒண்ணுமே பிரிய மாட்டேங்குது. எல்லாம் ஒரே சாம்பலா இருக்கு." வீட்டில் பெரிய திரை, நான்கு மூலையிலும் ஸ்பீக்கர், நடுவில் ஒரு ஆம்ப்ளிஃபயர் என்று ஒரு சினிமா கொட்டகையே வைத்திருந்தார். ஊரார் குறையைப் பார்த்துவிட்டு வருகிறவருக்குக் குறையில்லாத ஒன்றைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. அதுவே இப்போது மங்கலாகத் தெரிந்தது.

"கேபிள் பழசாயிடுச்சோ என்னவோ" என்றேன்.

"டிஜிட்டல்ல கேபிள் என்ன பண்ணும்?" என்று சிரித்தார். தொழில் தெரிந்தவர் அல்லவா.

"நீங்கதானே சொல்வீங்க, அந்தக் காலத்துல கேபிள் சரியில்லன்னா ஒரு ஆள் ரெண்டு ஆளாத் தெரியும்னு."

"அது அந்தக் காலம்."

ஆனாலும் யோசித்தார். கேபிள் இல்லை என்றால் வேறு எது என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வி அவருக்கும் பிடிக்கவில்லை. இதை நான் கவனித்தேன். அடுத்த விடுமுறைக்கு டிவி கடையிலிருந்து ஆள் வந்தார். கறுப்பு வலை பின்னிய, இரண்டு முனையிலும் தங்கப் பூச்சு போட்ட கேபிள். மாட்டிவிட்டுக் கிளம்பும்போது கதவருகில் என்னிடம் தணிந்த குரலில் சொன்னார்: "அக்கா, மனசு கேக்கல, சொல்லிடறேன். படம் இதுல வெறும் நம்பராத்தான் போகுது. போய்ச் சேர்ந்தா முழுசாத் தெரியும். சேரலைன்னா புள்ளி புள்ளியா மின்னும், இல்ல திரையே கறுத்துப் போயிடும். நடுவுல மங்கலாத் தெரியறதுங்கற பேச்சே கிடையாது. சார் கண்ணைக் காட்டச் சொல்லுங்க."

"நானே கண் பாக்கறவதான்" என்றேன். அவர் போய்விட்டார்.

என் வீட்டுக்காரர் குளிக்கப் போயிருந்தார். நான் ரிமோட்டை எடுத்து, டிவியின் படச் சரிப்படுத்தலில் நுழைந்து, வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றினேன். நிறத்தை ஒரு பங்கு கூட்டினேன். அவர் ஈரத் தலையோடு வந்து உட்கார்ந்து அதே பழைய இருட்டுக் காட்சியைப் போட்டார். முன்னால் சாய்ந்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தியா? கறுப்பு இன்னும் கறுப்பா இருக்கு பாரு. அந்தாள் சட்டையில பட்டன்கூடத் தெரியுது!"

தன் கண்ணைத் தவிர எதையும் நம்பாதவருக்கு வேறு என்ன சாட்சி வேண்டும்? அத்தனை வருஷப் படிப்பை ஒரு நிமிஷத்தில் தூக்கிப் போட்டுவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "நல்ல யோசனை சொன்னே" என்றார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அவரிடமிருந்து கிடைத்த முதல் பாராட்டு அது.

அதிலிருந்து எங்களுக்கு நல்ல காலம். படம் மங்குகிறது என்பார், நான் புதுக் கேபிள் பேச்சை எடுப்பேன். தடிமனான கேபிள், தட்டையான கேபிள், ஸ்பீக்கருக்குத் தனிக் கேபிள், கரண்ட்டுக்குத் தனிக் கேபிள். அவரே புத்தகம் புத்தகமாகப் படித்துத் தேர்ந்தெடுத்தார். படிப்பதற்குப் பக்கத்தில் விளக்கு வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் அவர் குளிக்கும்போது நான் வெளிச்சத்தை ஏற்றினேன். சாயந்திரம் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தோம். அவர் நாற்காலி மட்டும் மாதத்துக்கு மாதம் திரைக்குப் பக்கத்தில் நகர்ந்துகொண்டே போனது. வீட்டுக்கு வந்த ஒரு விருந்தாளி, "என்ன, ஆளுங்க மூஞ்சியெல்லாம் ஆரஞ்சுப் பழமா இருக்கு?" என்று கேட்டார். "உங்க வீட்டுக் கேபிள்ல பாத்துப் பழகிட்டீங்க" என்றார் இவர். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பு பொய்யில்லை. நடுவில் இன்னொரு முறை அவராகவே என் கடைக்கு வந்து அழுத்தம் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். எண் இன்னும் ஏறியிருந்தது. நார்மல் என்றேன்.

டிவியில் வெளிச்சத்தை ஏற்றுகிற கோட்டுக்கும் ஒரு முனை உண்டு. ஒருநாள் அது முனையைத் தொட்டது.

அந்தச் சமயத்தில்தான் நிலையத்தில் அது நடந்தது. அவர் பார்த்துச் சரி என்று விட்ட ஒரு நாடகத்தில், அம்மா செத்துப் போய் மகள் அழுகிற காட்சியில், திரையின் இடது ஓரத்தில் விளக்குப் பிடிக்கிற ஆள் நின்று எதையோ மென்றுகொண்டிருந்தார். காட்சி முடியும் வரை மென்றார். ஊரே பார்த்துச் சிரித்தது. பூதக்கண்ணாடிக்கு முன்னால் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினார்களாம். "எங்க? எங்க நிக்கறான்?" என்று கேட்டிருக்கிறார். யாரோ எழுந்து போய்த் திரையில் விரல் வைத்துக் காட்ட வேண்டியிருந்தது. வேலையை விட்டுவிடும்படி மரியாதையாகவே சொன்னார்கள்.

அன்று மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார். செருப்போடு உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

"உண்மையைச் சொல்லு" என்றார். "என் கண்ணுல கோளாறா?"

அப்படி ஒரு குரலில் அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை. கெஞ்சல் என்றுகூடச் சொல்லலாம். அப்போது சொல்லியிருந்தால் வலது கண்ணில் பாதிக்கு மேல் மிஞ்சியிருக்கும். என் கணக்கு இதில் தப்பாது.

"அந்த ரூம்ல இருக்கற கேபிளை எல்லாம் யாரு, எந்தக் காலத்துல மாத்தினாங்க?" என்று கேட்டேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். மெல்லச் சிரிப்பு வந்தது. "அதானே" என்றார். "நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன், மாத்துங்கடான்னு." என் தோளில் சாய்ந்துகொண்டார். நான் முதுகைத் தடவிக்கொடுத்தேன். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அதுதான் நாங்கள் மிக நெருங்கியிருந்த பொழுது. ஒளிக்க என்ன இருக்கிறது?

அவர் தங்கை வந்துதான் அதைக் கெடுத்தாள். என் நாத்தனார். காரியக்காரி, எதையும் நின்று நிதானமாகப் பார்க்கிற பழக்கம் கிடையாது. வந்த அரை மணி நேரத்தில், அண்ணன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற ரிமோட்டைத் தேடித் தடவுவதைப் பார்த்துவிட்டாள்.

"அண்ணி, அண்ணனுக்குக் கண்ணு தெரியல. உங்களுக்கு இது தெரியவே இல்லையா?"

"ரெண்டு தடவை நானே பாத்தேன். நல்லா இருக்கு."

"எனக்கென்னவோ நல்லாப் படல. எழுந்திரிங்கண்ணே, கெளம்புங்க."

பெரிய கண் ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். டாக்டரம்மா கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். இடது கண் முழுசாகப் போய்விட்டது. வலது கண்ணில் குழாய் வழியாகப் பார்க்கிற அளவுக்கு ஒரு வட்டம் மட்டும் மிச்சம்.

"போனது போனதுதான். இருக்கறதையாவது காப்பாத்தணும்" என்றார். "இதுக்கு முன்னாடி யாராவது அழுத்தம் பாத்திருக்காங்களா?"

"என் வீட்டுக்காரியே பாத்தா, டாக்டர். அவ தொழிலே அதுதான். நார்மல்னு சொன்னா."

டாக்டரம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். இரண்டு பேரும் ஒரே தொழில்காரர்கள். நாங்கள் பேச வேண்டியிருக்கவில்லை. அந்த மௌனம் என் வீட்டுக்காரருக்கே உறைத்திருக்க வேண்டும். அவர் அவசரமாக, "மெஷின் கோளாறா இருக்கும், டாக்டர். பழைய மெஷின். அவ என்ன பண்ணுவா?" என்றார். பிறகு தயங்கி, "கேபிள்கூட லூசா இருந்திருக்கலாம்" என்றார்.

நாத்தனார் தன்னோடு வந்துவிடச் சொன்னாள். அவர் கேட்கவில்லை. "சொட்டு மருந்து போட அவளை விட்டா எனக்கு வேற யாரு?" என்றார்.

ஆரம்பத்தில் நான் மருந்தைச் சரியாகத்தான் போட்டேன். காலையும் மாலையும் ஒரு வேளை தவறவில்லை. அவர் கழுத்தை அண்ணாந்து, குழந்தை மருந்து குடிப்பதுபோல் வாயையும் சேர்த்துத் திறந்து வைத்துக்கொள்வார். எனக்கு அவர்மேல் பாசம் இல்லை என்று யாராவது சொன்னால் அது அபாண்டம்.

அழுத்தம் இறங்கியது. டாக்டரம்மா தட்டிக்கொடுத்தார். இருக்கிற வட்டம் நிற்கும் என்று சொன்னார். அவருக்குப் பயம் தெளிந்தது. ஆள் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தச் சின்ன வட்டத்தை விளக்குப் போல இங்கும் அங்கும் திருப்பி வீட்டைப் பார்க்க ஆரம்பித்தார். ஒருநாள் காலையில் மருந்து போட்டு, வழிந்ததைத் துடைத்துவிட்டு நான் நகர்ந்தேன். அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தத் திரைச்சீலை ஒரு பக்கம் எறங்கியிருக்கு" என்றார். "யாரு மாட்டினது?"

அன்று சாயந்திரம் மருந்துக் குப்பியின் மூடியை நெம்பித் திறந்து, உள்ளே இருந்ததை வாஷ்பேசினில் கொட்டினேன். கடையில் கண் உலர்ந்து போனவர்களுக்குக் கொடுக்கிற தண்ணீர் மருந்து இருக்கும், கண்ணுக்கு எந்தக் கெடுதலும் செய்யாதது. அதை நிரப்பினேன். அதற்குப் பிறகும் ஒரு வேளை தவறவில்லை. "முன்ன மாதிரி எரியல, இது நல்லா இருக்கு" என்றார் அவர்.

திரைச்சீலையை நான் நேராக்கவில்லை. அது நேராகத்தான் இருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகும் தேதிகளை ஏதாவது சொல்லித் தள்ளிக்கொண்டே போனேன். மழைக்காலம் முடிந்து வெயில் வந்த ஒரு மத்தியானம், அவர் டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"படம் போயிடுச்சு" என்றார். "கேபிள் கழண்டிருக்கா பாரு."

படம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பெண் மஞ்சள் பூக்களுக்கு நடுவில் ஓடிக்கொண்டிருந்தாள். நான் எழுந்து டிவிக்குப் பின்னால் போய் மண்டியிட்டுக் கேபிளை அழுத்தினேன்.

"இப்ப?"

"இல்ல."

கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினேன். "இப்ப?"

"சத்தம் வருது. படம் இல்ல."

"இருங்க, வேற கேபிள் போட்டுப் பாக்கறேன்."

அலமாரியில் இருந்த கேபிள்களை எல்லாம் எடுத்துவந்து ஒவ்வொன்றாக மாட்டினேன். அவர் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். பிறகு பதில் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். கண்ணுக்கு முன்னால் தன் கையை வைத்து விரல்களை அசைத்துக்கொண்டிருந்தார்.

"விடு" என்றார். "கேபிள் இல்ல."

மற்றதெல்லாம் உங்களுக்கே தெரியும். நாத்தனார் குப்பியை எடுத்துப் போய் டாக்டரம்மாவிடம் கொடுத்தாள். அதில் மருந்து இல்லை. வக்கீல் வைத்துக்கொள்ளச் சொன்னீர்கள், வேண்டாம். முதல் நாளே எனக்குத் தெரியும். தெரிந்தே சொல்லாமல் இருந்தேன், தெரிந்தே கேபிளைக் காட்டினேன், மருந்தை மாற்றியதும் நான்தான். ஒரு மனுஷர் நிம்மதியாக இருக்க வேண்டும் என்றால் சிலவற்றைப் பார்க்காமல் இருப்பது நல்லது. அவருக்கும் அது நல்லதாகத்தான் இருந்தது. எங்கள் சாயந்திரங்களை நீங்கள் பார்த்திருந்தால் ஒத்துக்கொள்வீர்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். இதெல்லாம் முடிந்ததும் அவரை என்னிடமே அனுப்பிவையுங்கள். தங்கை வீட்டில் அவருக்குச் சரிப்படாது. கண்ணில்லாதவரை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவளுக்கு என்ன தெரியும்? அவருக்கும் என்மேல் வருத்தம் இல்லை. நாத்தனார் எல்லாவற்றையும் அவர் எதிரிலேயே சொன்னாள், நான் பக்கத்தில்தான் நின்றேன். திட்டுவார் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு குறைகூடச் சொல்லவில்லை. மன்னித்துவிட்டார் என்பதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

அன்றிலிருந்து அவர் யாரிடமும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்கிறீர்கள். அது ஒன்றும் இல்லை. அவர் சுபாவமே அதுதான். குறை ஏதாவது கண்ணில் பட்டால்தான் வாயைத் திறப்பார்.